சாய்கோடு

நாற்பத்து மூன்று வரிகள்.
யோர்டிஸ் எழுதி வைத்துவிட்டு
நூக்குக்கு மாற்றலாகிப் போயிருந்தாள்.
எஸ்பியர் துறைமுகக் கணக்கறையில், ஏப்ரலில்,
ஹீட்டர் ஒரு முழங்காலை மட்டும் சுடுகிற மேசையில்
அதைத் திறந்து உட்கார்ந்தேன்.

ஒரு சுழற்சி. அதன் வயிற்றுக்குள் இன்னொன்று.
எண்ணிக்கொண்டே போக ஒரு மாறி,
அது எங்கே நிற்கிறது என்று வேவு பார்க்க மற்றொரு மாறி.
ஓதம் ஏறிய உயரத்தை எடு, வற்றிய உயரத்தைக் கழி,
கூட்டில் சேர், அடுத்ததற்குப் போ.
நாளைக்கு நான்கு முறை கடல் அலட்டாமல் செய்வதை
எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் குமாஸ்தா போல
ஒவ்வொன்றாய்.

எங்கள் மொழியில்
(டேனிஷைச் சொல்லவில்லை, அணிகளின் மொழியை)
ஒரு கழித்தல் குறி, பக்கத்தில் ஒரு சாய்கோடு.
போதும்.
கழித்தலைக் கையில் வாங்கிக்கொண்டு
எண்களின் ஒவ்வோர் இடைவெளியிலும் வைத்துவிட்டு வரும் அந்தக் கோடு.
பிறகு வலது ஓரத்திலிருந்து எல்லாம் மடியும்.
ஒன்பது, இரண்டு, எட்டு, மூன்று என்று வையுங்கள்.
எட்டில் மூன்று போனால் ஐந்து.
இரண்டில் ஐந்து போனால், கடன் மூன்று.
ஒன்பதில் அந்தக் கடனைக் கழித்தால்
கடன் வரவாகிறது: பன்னிரண்டு.
ஏறியதெல்லாம் கூட்டலில், வற்றியதெல்லாம் கழித்தலில்
தாமே பிரிந்து நிற்கின்றன.
குறி மாறி மாறி வரவேண்டும் என்று
நான் எங்கும் எழுதவில்லை.

நாற்பத்து மூன்றையும் அழித்தேன்.
ஆஸ்கேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"மீதி எங்கே?" என்றான்.

தொண்ணூறு ஆண்டுப் பதிவுகளின் மேலும் அதைப் பூட்டினேன்.
பூட்டியதோடு சரி, எதுவும் கணக்கிடப்படவில்லை.
சோம்பலுக்கு முறைப்படி வேலை கொடுத்திருந்தேன்:
கேட்காத எண் பிறக்காது,
அழுத பிள்ளைக்குத்தான் பால்.
படகுக்காரர்கள் போன வாரத்தைக் கேட்பார்கள்.
அந்த வாரம் மட்டும் கண் விழிக்கும், பதில் சொல்லும்.
மற்ற ஆண்டுகள்
இன்னும் தூளாகவே இருக்கும் காப்பி போல
ஆறிப்போகவும் வழியில்லாமல் கிடந்தன.

நவம்பரில் ரீபேயிலிருந்து தொலைபேசி.
அணைக்கரைச் சங்கத்து மரெட்டெ.
அறுபத்து மூன்றாம் ஆண்டுக் குளிர்காலம் வேண்டுமாம்.
அதுவரை யாரும் தட்டாத கதவு.
தட்டினேன்.
எதிர்க்குறியோடு வந்து நின்றது எண்.
அந்தக் குளிர்காலம் முழுக்க, என் கணக்கின்படி,
கடல் ஏறியதைவிட அதிகமாக வற்றியிருந்தது.
"அப்படியானால் அணையே வேண்டாமே" என்று சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.

பதிவேடு. ஜனவரி பதினொன்று.
பனிக்கட்டி மிதவையைக் கவ்விப் பிடித்த இரவு.
ஒரு வற்றம் எழுதப்படவில்லை.
ஒற்றை எண் இல்லாமல் போனதும்
அதன் பின்னால் நின்ற வரிசை முழுதும் ஓரடி முன்னே நகர்ந்து
ஏற்றம் வற்றத்தின் இடத்தில்,
வற்றம் ஏற்றத்தின் இடத்தில்.
பிழையும் சோம்பல் கற்றிருந்தது.
ஏழு மாதம் நான் எழுப்பவில்லை, அதுவும் எழவில்லை.

காப்பகத்தில் யோர்டிஸின் நிரல் இருந்தது.
முப்பத்தொன்றாம் வரி,
அழகில்லை என்று நான் முதலில் வெட்டிய நிபந்தனை:
வற்றம் இல்லையென்றால் இந்த ஏற்றத்தையும் விடு.
ஓரத்தில் அவள் குறிப்பு,
"அன்று யாரும் அளக்கவில்லை. கடல் இருந்தது."

சாய்கோட்டுக்குள் நுழையுமுன்
ஜோடியற்ற ஏற்றம் ஒதுங்கிக்கொள்ள ஒரு வடிகட்டி வைத்தேன்.
குறிப்பை, ஓர் எழுத்தும் மாற்றாமல், அதன் தலைமேல்.
இப்போது இரண்டு வரி.
குறிப்போடு மூன்று.

மரெட்டெயைக் கூப்பிட்டுச் சரியான எண்ணைச் சொன்னேன்.
"சரி, அணை இருக்கட்டும்" என்றாள்.

அறுபத்து நான்கை யாரும் கேட்கவில்லை.
விளக்கை அணைக்கப் போனவள்
திரும்பி வந்து
நானே கேட்டேன்.
பிறகு அறுபத்தைந்தை.